விட்டுப் பிடி

சுருளிப்பட்டிக்காரர்களுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று மேற்கேயிருந்து வருவது. பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையில் தேங்கி, தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து, இந்தப் பக்கம் வந்து விழுந்து, லோயர் கேம்ப்பில் கரண்டு எடுத்த பிறகு கூடலூர், கம்பம் வயல்களை நனைத்துக்கொண்டு ஓடும் முல்லையாறு. கம்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அதைப் பாலத்தில் தாண்டித்தான் வர வேண்டும். மற்றொன்று கிழக்கு மலையிலிருந்து இறங்கி, சுருளித் தீர்த்தத்தில் அருவியாக விழுந்து, பாறைக்கும் புதருக்கும் நடுவில் சத்தம் போட்டுக்கொண்டு வரும் ஓடை.

முதல் தண்ணீருக்கு மதகு உண்டு, அதிகாரி உண்டு, தேதியும் உண்டு. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் 1 அன்று முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அந்தத் திறப்பைப் பார்த்துத்தான் நாற்றங்காலில் கால் வைக்கும். இரண்டாவது தண்ணீருக்கு அப்படி நாள் நட்சத்திரம் கிடையாது. ஈத்தைக்காட்டிலும் அரிசிப்பாறையிலும் மழை பெய்ய வேண்டும். மேலே தூவானம் ஏரி நிரம்பி வழிந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். காலையில் முழங்கால் தண்ணீரில் தாண்டிப்போன மாடு சாயங்காலம் அக்கரையிலேயே நின்று கத்தும்.

நான் சொல்வது எண்பதுகளின் கதை. தேனி மாவட்டம் இன்னும் பிறக்கவில்லை. நாங்கள் மதுரை ஜில்லாக்காரர்கள். பெரியாறு அணையில் 136 அடிக்கு மேல் தேக்கவிடாத காலம். டீக்கடையில் பெரியவர்கள் அடியும் கன அடியுமாகவே பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் சீயான், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். "அது சர்க்காரு தண்ணி. அவுக தொறந்தா வரும், அடைச்சா நிக்கும். அதுல என்ன பேச இருக்கு?" என்பார். அவருக்கு ஓடைதான் ஆறு.

மீன் பிடிப்பதிலும் ஊர் இப்படி இரண்டாகப் பிரிந்திருந்தது. முல்லையாற்றுக்குப் போகிறவர்கள் தடித்த மூங்கில் கம்பும், மாட்டைக் கட்டினாலும் அறாத நைலானும் வைத்திருப்பார்கள். கோதுமை மாவு உருண்டையைக் குத்தி வீசிவிட்டு, பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். கட்டுகிற மீனை ஒரே இழுப்பில் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் இருக்கிற வயலில் போடுவது அவர்கள் வழக்கம். குளங்களில் விட்ட கட்லாவும் ரோகுவும் வெள்ளத்தில் தப்பி வந்து கிடைக்கும். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை அதற்குள் எங்கள் பள்ளத்தாக்கின் பூர்வகுடியைப் போலவே நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தது. அந்த ஆட்களைப் பற்றிச் சீயானுக்குப் பெரிய மரியாதை இல்லை. "கெணத்துல வாளி விழுந்தா எடுக்குற வேலை அது" என்று ஒருமுறை சொன்னார்.

ஓடையில் மீன் பிடிக்க அவர் வைத்திருந்த தூண்டிலைக் கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. கூடை முடைவதற்காக மலையிலிருந்து ஈத்தை வெட்டி வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார். கணு நெருங்காத, சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லாத, நுனி வரைக்கும் ஒரே சீராகச் சிறுத்துப் போகிற ஈத்தையாகப் பார்த்து ஒன்றிரண்டு வாங்குவார். அதைப் பச்சையாகவே மோட்டார் ரூம் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டுவார். நிழலில் மாதக்கணக்கில் தொங்கும். வளைவெல்லாம் கல் பார்த்துக்கொள்ளும். நிறம் மாறி, தட்டினால் கணகணவென்று கேட்கிற பக்குவம் வந்தபின் வைக்கோல் தீயில் காட்டி, விளக்கெண்ணெய் தடவித் துடைப்பார். அப்படிச் செய்த கம்பு ஒன்றரை ஆள் உயரம் இருக்கும். உள்ளே வெறும் கூடு. கணுவுக்குக் கணு அடைத்த காற்று. தண்ணீரில் போட்டால் முழுகவே முழுகாது. இந்தக் குணத்துக்கு ஒரு காரியம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

நரம்புக்குக் கம்பத்தில் வாங்கிய தங்கூசி. கடையில் இருப்பதிலேயே மெல்லியது. கடைக்காரர், "இது பொம்பளப் பிள்ளைக பாசி கோக்க வாங்குறது பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே சுற்றித் தருவார். தங்கூசி வருவதற்கு முன்னால் குதிரைவால் முடியைத் திரித்துத்தான் நரம்பு செய்தாராம். கம்பத்தில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம். வெள்ளைக் குதிரையின் வால்முடிதான் வேண்டும், தண்ணீரில் தெரியாது. அதுவும் ஆண் குதிரையாக இருக்க வேண்டும். பெட்டையின் வால் மூத்திரத்தில் நனைந்து நனைந்து முடி செத்திருக்கும் என்பார். வண்டிக்காரர்களுக்கு ஒரு கட்டு புகையிலை கொடுத்து முடி வாங்கிய கதையை அவர் சொல்லும்போது நான் சிரிப்பேன். பிற்பாடு ஜப்பானின் மலை ஓடைகளில் டென்காரா என்ற முறையில், சக்கரம் எதுவும் இல்லாமல், கம்பு நுனியில் நேரடியாக நரம்பைக் கட்டி மீன் பிடிப்பவர்களைப் பற்றிப் படித்தேன். அவர்களும் பழைய நாளில் மூங்கிலும் குதிரை முடியும்தான் வைத்திருந்தார்கள். சிரித்ததை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கம்பை எடுத்த எடுப்பில் என் கையில் தந்துவிடவில்லை. முதலில் எனக்கு வாய்த்தது விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்கு, அம்மாவின் தையல் நூல், வளைத்த குண்டூசி. அதை வைத்துக்கொண்டு பாறை ஓரத்தில் குட்டிக் கெண்டைகளைப் பிடிக்க வேண்டும். குண்டூசிக்கு எதிர்முள் கிடையாது. நூல் தளர்ந்தால் மீன் போய்விடும், இறுக்கினால் உதடு கிழிந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இழுப்பு இருக்கிறது. அதை வாயால் சொல்லித்தர முடியாதென்று சீயானுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சொல்லவே இல்லை. கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

அவர் வாயைத் திறந்து கண்டித்ததெல்லாம் நிழலுக்குத்தான். "டேய், நெழலக் கூட்டிக்கிட்டுப் போகாத" என்பார். ஓடையில் மீன் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். தீனி அங்கிருந்துதானே வரும். ஆகையால் கீழேயிருந்து மேலே போகிறவன் அதன் முதுகுப் பக்கம் போகிறான். சூரியன் முகத்தில் அடிக்கிற மாதிரி போக வேண்டும். கண் கூசட்டும், நிழல் பின்னால் விழட்டும். பாறையில் தாவக் கூடாது. காலடி அதிர்ச்சி கல்லுக்குள் போய்த் தண்ணீருக்குள் இறங்கிவிடும். வெள்ளைச் சட்டை வேண்டாம். பந்தலுக்கு மருந்தடித்த நாளில் ஓடைப் பக்கமே வரக் கூடாது. எங்கள் ஊர்த் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். கை நீலம் பூத்து, எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. அந்தக் கையால் புழுவைத் தொட்டால் மீன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்பது சீயானின் தீர்மானம். மருந்தடிப்பு நாள்களில் அவர் பந்தலுக்குள் போகாமல் இருக்க இந்தத் தீர்மானம் மிகவும் வசதியாக இருந்தது என்று அப்பத்தா சொல்லும்.

ஓடையில் என்னென்ன மீன் இருந்தன? வருடம் முழுக்க இருந்தவை சின்னச் சாதிகள். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தில் தொங்கும் கல்லொட்டி. மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும் அயிரை. மதுரையிலிருந்து வருகிற விருந்தாளிகள் கேட்டு வாங்கிப் போவார்கள் அதை. உயிரோடு பாலில் விட்டு மணலைக் கக்கவைத்து, மண்சட்டியில் உப்புப் போட்டு உரசி, அப்புறம்தான் குழம்பில் சேரும். கல்லுக்கடியில் ஆரல். எப்போதாவது ஒரு விலாங்கு. இவற்றில் எதற்கும் சீயானின் கம்பு வேலை செய்ய வேண்டியதில்லை.

அந்தக் கம்பு ஐப்பசிக்காகக் காத்திருந்தது. அடைமழை பிடித்து ஓடை செம்மண் நிறத்தில் புரண்டு முல்லையாற்றில் கலக்கும்போது, பெரிய தண்ணீரில் கிடக்கும் மீன்களுக்கு அந்த மண்வாசனை எட்டிவிடும். எதிர்த்து ஏற ஆரம்பிக்கும். ஏத்துமீன் என்போம். ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் கூடையுமாக ஊரே வாய்க்கால் வாய்களில் நிற்கும். சீயான் அந்தக் கூட்டத்துக்குப் போக மாட்டார். ஏறியதெல்லாம் பிடிபடுவதில்லை என்பது அவருடைய கணக்கு. மழை நின்றால் ஓடை வடிகிற வேகம் அதிகம். ஏறின வேகத்தில் இறங்கத் தெரியாத ஒன்றிரண்டு பெரிய மீன் மேலே ஏதாவது ஒரு கசத்தில் மாட்டிக்கொள்ளும். பத்தடி அகலம்கூட இல்லாத ஓடையில், நம் கை நீளத்துக்கு ஒரு மீன். மேலே போகவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. கார்த்திகை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் அதைத் தேடிப் போவதுதான் அவருக்குத் திருவிழா.

அந்த வருடம் அதை முதலில் பார்த்தது நான்தான். எங்கள் தோட்டத்துக்கு மேலே, ஓடை ஒரு திருப்பம் திரும்புகிற இடத்தில், சாய்ந்த அத்திமரம் ஒன்றும் அதன் வேருக்கடியில் ஆழமான கசமும் உண்டு. பாறைமேல் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தபோது முதலில் தெரிந்தது அதன் நிழல். மணல் தரைமேல் அசையாமல் கிடந்தது. பிறகு அதற்கு மேலே மீன். முதுகு பாசி நிறம், பக்கவாட்டில் பெரிய பெரிய செதில், ஒவ்வொன்றும் ஒரு எட்டணா அளவு, வெயில் பட்டபோது பொன். துடுப்பு மட்டும் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு அத்திப்பழம் தொபுக்கென்று விழுந்தது. மீன் அவசரப்படவில்லை. திரும்பி, மேலே வந்து, வாயைக் குவித்து எடுத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே போனது.

பெரிய செதில் வைத்த மலைக்கெண்டை. குமுளிப் பக்கத்து மலையாளிகள் குயில் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் மஹசீர் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது இதைத்தான். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அதன் கதாநாயகன் இந்த மீன்தான்.

அதே வாரம் மூணாறு மாமா வந்து சேர்ந்தார். என் அத்தையைக் கட்டியவர். தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் வேலை. எங்கள் வீட்டுக்கு அவர் மாப்பிள்ளை. அவருக்கு இருக்கிற மரியாதையே தனி. அப்பா அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கம்பம் வழியாகத்தான் பாதி தமிழ்நாட்டுச் சாமிகள் குமுளி ஏறுவார்கள். கார்த்திகை முழுக்க எங்கள் ரோட்டில் சரண கோஷம்தான். மாலை போட்ட வீட்டில் கவிச்சி புழங்காது. மாப்பிள்ளை வந்திருக்கிற வேளையில் கோழி அடித்துப் போட முடியவில்லையே என்று அப்பத்தாவுக்கு ஒரே வருத்தம். கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் மாற்றி மாற்றி வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தது.

நான் மீனைப் பற்றி வாய்விட்டுச் சொன்னதும் மாமா எங்கள் தூண்டிலை வாங்கிப் பார்த்தார். கம்பை விரலில் வைத்து நிறுத்தினார். தங்கூசியை வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல சக்கரம் இல்லையே மாமா, பெரிசு கட்டுனா என்ன செய்வீங்க?" என்று சீயானைக் கேட்டார். அப்புறம் டிரவுட் மீன் கதை ஆரம்பித்தது.

மூணாற்றின் உயரமான ஓடைகளில் துரைமார்கள் கொண்டுவந்து விட்ட மீன் அது. ராஜமலையில் அதற்கென்று குஞ்சு பொரிக்கும் தொட்டிகள், சங்கம், அனுமதிச் சீட்டு எல்லாம் உண்டு. துரையின் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போன தோட்டத்து ஆள்களை மாமாவுக்குத் தெரியும். குடையைவிடக் கனம் குறைந்த கம்பு, கடிகாரம்போல் சத்தம் போடுகிற சக்கரம், சிறகால் கட்டிய பொய்ப்பூச்சி. மீன் ஓடினால் சக்கரம் நரம்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நின்றால் துரை சுற்றிக்கொள்வார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் ஓடையிலும் டிரவுட் விட வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேன். "உங்க ஊர் வெக்கைக்கு அது செத்து மெதக்கும்" என்றார். உண்மைதான். குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் அதற்கு மூச்சு விட முடியாது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். நீலகிரிக்கே அதைக் கொண்டுவர எத்தனை பாடு! இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் கப்பலில் கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் வந்து, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, அந்த ஓடைகளில் அது நிலைத்தது. துரைமார்கள் தங்கள் ஊரின் ஒரு துண்டை மலைமேல் நட்டுக்கொண்டார்கள். காலடியில், தானாக ஏறி வருகிற கெண்டையைச் சீயான் மாதிரி ஆள்கள் கவனித்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிகாலையில் மூவரும் கிளம்பினோம். அப்பாவுக்குத் தெரியாது. அப்பத்தாவிடம் "பந்தல் பாக்கப் போறோம்" என்று சொன்னார் சீயான். பந்தல் பார்க்க யாரும் அதுவரை விடிவதற்கு முன்னால் போனதில்லை.

கசத்துக்குக் கீழேயே மாமாவை உட்காரச் சொல்லிவிட்டுச் சீயான் தவழ்ந்து போனார். நான் பின்னால். அத்திமரத்தடியில் விழுந்து கிடந்ததில் அதிகம் பழுக்காத ஒன்றைப் பொறுக்கி, முள்ளை அதற்குள் செருகி, நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விட்டார். ஈயம் இல்லை, தக்கை இல்லை. நல்ல பழம் எப்படி விழுகிறதோ அப்படியே விழ வேண்டும், பழத்தைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. கம்பைப் பின்னால் வீசக்கூட இல்லை. நுனியை இடது கையால் வில்லாக வளைத்துப் பிடித்து, விட்டார். பழம் தாழப் பறந்து மரத்து நிழலுக்குள் போய் விழுந்தது. தொபுக்.

ஒன்றும் நடக்கவில்லை. பழம் மெல்ல மிதந்து எங்கள் பக்கம் வந்தது. எடுத்து மறுபடியும் விட்டார். அதுவும் வந்தது. நடுவில் மரம் தானாக ஒரு பழத்தைப் போட்டது. மீன் அதை வந்து எடுத்துக்கொண்டு போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சீயான் அசையவில்லை. மரம் போட்ட இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளி, வேரை உரசுகிற மாதிரி விட்டார். இந்த முறை தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. தங்கூசி நீரோட்டத்தை எதிர்த்து நகர ஆரம்பித்தது. மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கினார்.

கம்பு அடி வரைக்கும் வளைந்ததை அன்றுதான் பார்த்தேன். மீன் வேருக்குள் போகப் பார்த்தது. சீயான் மேலே தூக்கவில்லை. கம்பைத் தண்ணீரை ஒட்டிப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் இழுத்தார். தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் உடம்பு அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும். வேரைத் தாண்டியது. இரண்டு முறை கசத்தைச் சுற்றியது. பிறகு கீழ்ப்பக்கம் திரும்பி, பாறை இடுக்கு வழியாக ஓடை சரிகிற வாயைப் பார்த்து ஓட்டம் பிடித்தது.

சக்கரம் இல்லாத தூண்டிலுக்கு எமன் இந்த நேர் ஓட்டம்தான். மீனும் நரம்பும் கம்பும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் வளைய எதுவும் இல்லை. வளைவுதான் இழுப்பை வாங்கிக்கொள்கிற இடம். அது போய்விட்டால் மீனின் முழுப் பலமும் அந்தப் பாசி கோக்கிற நரம்பின்மேல் விழும். கம்பு நிமிர்ந்துகொண்டே வந்தது. கீழே மாமா எழுந்து நின்று, "விட்றாதீங்க மாமா! இழுங்க!" என்று கத்தினார்.

சீயான் கையை விரித்துவிட்டார்.

கம்பு தண்ணீரில் விழுந்து, மீனின் பின்னால் போனது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் "சீயான்!" என்று அலறினேன். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, மடியிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தார். "ஈத்தை முழுகாதுடா" என்றார். "அது இழுத்துட்டுத் திரியட்டும். நம்ம கை வலிக்குமா?"

அவர் சொன்னபடியே நடந்தது. மனிதன் பிடித்திருக்கும்வரை மீனுக்கு எதிரில் ஒரு இறுக்கம் இருந்தது. அதை எதிர்த்து அறுக்கலாம். மிதக்கிற கம்பில் அப்படி எதிர்க்க ஒன்றுமில்லை, விட்டு விலகவும் வழியில்லை. அடுத்த மடுவில் கம்பு மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கரையோடு நடந்துபோய்ச் சேர்ந்தோம். சீயான் இறங்கி அதை எடுத்தார், மீனைக் கொஞ்சம் திருப்பினார். அது மறுபடி ஓடியது. மறுபடி விட்டார். இந்தத் தடவை மாமாவும் ஒரு பீடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐசக் வால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1653இல் அச்சிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்க்ளர்' புத்தகத்தை நான் கல்லூரி நூலகம் ஒன்றில் புரட்டியபோது, அவரும் இதையேதான் சொல்லியிருக்கக் கண்டேன். அளவுக்கு மீறி வளர்ந்த மீன் மாட்டினால் கம்பை அதனிடமே வீசிவிட வேண்டும், தான் எப்போதும் அப்படித்தான் செய்வதாக. அவர் காலத்துக் கம்பிலும் சக்கரம் கட்டியிருப்பது அபூர்வம், நரம்பு குதிரை முடிதான். ஆகவே அவர் புத்தியும் சீயான் புத்தியும் ஒரே இடத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. கையில் இருப்பது மெலிந்தால் தலைக்கு வேலை கூடும். இப்போது மீன்பிடி சாமான் விற்கிற பெரிய கடைகளில் அல்ட்ராலைட் என்று சொல்லி, சுண்டுவிரல் கனத்தில் கார்பன் கம்பு விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை; சக்கரத்தில் இழுப்பின் அளவைத் திருகி வைத்துக்கொள்ளலாம், மீன் இழுத்தால் அதுவே விடும். விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த நொடி மட்டும் அதில் இல்லை.

அந்த ஓடையிலும் இப்போது தூண்டில் போட வழியில்லை. மலைப்பக்கம் முழுக்க 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே கீழ்க் கசங்களில் தோட்டா போட்டும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் ஒரே நாளில் குஞ்சு குளுவானோடு அள்ளிக்கொண்டு போனவர்கள் வந்து போய்விட்டார்கள். புலிக்காக வைத்த காவல் கெண்டைக்கும் பயன்படுமானால் எனக்கு மகிழ்ச்சிதான்.

மூன்றாவது மடுவில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வலை இல்லை. மாமா தோளில் கிடந்த துண்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தண்ணீருக்குள் தாழ்த்தினோம், சீயான் மீனை அதன்மேல் நடத்திக்கொண்டு வந்தார். தூக்கியபோது துண்டு கிழிகிற சத்தம் கேட்டது. மூணாற்றில் வாங்கிய நல்ல துண்டு. தோட்டத்தில் திராட்சை எடை போடுகிற தராசில் வைத்தோம். மூன்றே கால் கிலோ. தங்கூசியின் கடைசி ஒரு முழம் சொரசொரவென்று தேய்ந்திருந்தது. சீயான் அதை விரலில் சுற்றி ஒரு சுண்டு சுண்டினார், அறுந்தது. மாமா அந்தத் துண்டு நரம்பை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துரையின் ஆள்களிடம் காட்டுவதற்கு என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மாலை போட்ட வீடு. மோட்டார் ரூமுக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, தோட்டக்காவல் பெரியவர் வைத்திருந்த சட்டியைக் கழுவி, அங்கேயே சமையல். சாம்பல் போட்டுத் தேய்த்துச் செதில் எடுத்தது நான். மிளகாய்த்தூளும் புளியும் உப்பும் காவல்காரரிடம் இருந்தது. தேங்காயைத் தோட்டத்து மரத்திலிருந்து அவரே போட்டார். அரைக்க அம்மி இல்லாமல் கல்லில் நசுக்கிப் போட்டோம். குழம்பு என்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சோற்றுக்குப் பதில் அவருடைய தூக்குச்சட்டியில் இருந்த கேப்பைக்களி. நான்கு பேரும் வாழை இலையில் வைத்துத் தின்றோம். மலைக்கெண்டைக்கு முள் அதிகம், பேச்சு குறைந்தது. பந்தலுக்கடியில் சாப்பிட்டுவிட்டு, கை வாடை போகக் கரம்பை மண் போட்டுக் கழுவி, ஓடையில் தலை முங்கிக் குளித்து, ஈரத் துணியோடு வீட்டுக்குப் போனோம்.

அப்பத்தா வாசலிலேயே நின்றது. மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனது. சீயான் கூரையைப் பார்த்தார்.

"மாலை போட்ட பிள்ளை உள்ள பூசை பண்ணுறான். நீங்க மூணு பேரும் திண்ணையத் தாண்டக் கூடாது" என்றது. கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றுவிட்டு, சீயான் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"தலைய மாப்பிள்ளைக்குத்தான வச்சீங்க?"

"பின்ன?" என்றார் சீயான்.

அப்பத்தா மாமாவைப் பார்த்தது. மாமா மீசையைத் துடைத்துக்கொண்டு, "தலை ரொம்ப ருசி அத்தை" என்றார். தலையைத் தின்றது சீயான்.